உலைக்குப் போன காடு

திருச்சி மாவட்டத்தில் இரும்பு மலை இருக்கிறது என்றால் ஊர்க்காரர்களே நம்புவதில்லை. காவிரியின் வடகரையில் முசிறி, தொட்டியம் பக்கம் போனால் தலைமலை தெரியும். சஞ்சீவிராயப் பெருமாள் கோயிலுக்காக அந்த மலையில் ஏறியவர்கள் நம் பக்கத்தில் ஏராளம். காலடியில் மிதிபட்ட கல்லைக் கையிலெடுத்துப் பார்த்தவர்கள் குறைவு. கறுப்பும் வெள்ளையும் பட்டை பட்டையாக ஓடும் கல் அது. வெள்ளை குவார்ட்ஸ், கறுப்பு காந்த இரும்புத்தாது. வில்லியம் கிங்கும் ராபர்ட் புரூஸ் ஃபுட்டும் சேலம், திருச்சி, தஞ்சை, தென்னார்க்காடு மாவட்டங்களின் பாறைகளை ஆராய்ந்து 1864-ல் வெளியிட்ட அறிக்கையில், இந்த இரும்புப் படுகைகளை மலை மலையாக வகுத்திருக்கிறார்கள். கஞ்சமலை, தீர்த்தமலை, கோதுமலை என்று போகும் அந்த வரிசையில் தலைமலை–கொல்லிமலைத் தொகுதியும் ஒன்று.

தாது இன்னும் மலையிலேயே இருக்கிறது. அதை உருக்கிய நாட்டுலைகள்தாம் இல்லை. ஏன் இல்லை என்று கேட்டால், சீமை இரும்பு மலிவாக வந்து இறங்கியது என்பார்கள். அது உண்மை, ஆனால் பாதிதான். இன்னொரு பாதி கரியில் இருக்கிறது. அதைப் பற்றி எழுத எனக்கு ஓர் உரிமை உண்டென்று நினைக்கிறேன். என் தாத்தா திருவரங்கத்தில் கரிக்கடை வைத்திருந்தவர். நான் பொன்மலை ரயில்வே பணிமனையில் கொல்லுப்பட்டறைத் தொழிலாளியாக இருந்து ஓய்வு பெற்றவன். கரியை விற்ற வீட்டில் பிறந்து, இரும்பைக் காய்ச்சிப் பிழைத்தவனுக்கு இந்த இரண்டும் வேறு வேறு கதைகளாகத் தெரிவதில்லை.

தாத்தாவின் கடை அடையவளஞ்சான் வீதியில் இருந்தது. குமுட்டி அடுப்புக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் சில்லறையாக வாங்குவார்கள். தட்டார்களும் கொல்லர்களும் மூட்டையாக எடுப்பார்கள். துறையூர்ப் பக்கத்திலிருந்தும் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்தும் வண்டியில் வரும் கரியைத் தாத்தா மூட்டையோடு வாங்க மாட்டார். சாக்கைக் கொட்டச் சொல்வார். ஒரு துண்டை எடுத்து இன்னொன்றின் மேல் தட்டுவார். நன்றாக வெந்த கரி கணீரென்று ஒலிக்கும். உடைத்தால் முறிந்த முகம் பளபளக்கும், மரத்தின் வளையங்கள் அப்படியே தெரியும், விரலில் அதிகம் ஒட்டாது. வேகாத கட்டை மொத்தென்று சத்தம் போடும், அடுப்பில் புகையும். “தட்டிப் பாருடா, சத்தமே சொல்லும்” என்று என் கையில் கொடுப்பார். கொல்லர்களுக்கென்று கனமான கரியைத் தனியாக ஒதுக்கி வைப்பார். உசில், வேல் போன்ற வைரம் பாய்ந்த கட்டையில் சுட்டது. இலேசான மரத்துக் கரி துருத்திக் காற்றில் பொறியாகப் பறந்துவிடும், உலையில் நிற்காது.

அந்தக் கரி மூட்டத்தில் பிறந்தது. மூட்டம் போடுவதை நான் பார்த்தது புதுக்கோட்டைச் சீமையில். விறகை ஒரே அளவாகத் தறித்து, நடுவில் ஒரு துளை விட்டு, அதைச் சுற்றி நிறுத்தி அடுக்குவார்கள். பருத்த கட்டை உள்ளே, மெலிந்தது வெளியே. இடுக்குகளில் சுள்ளியைத் திணிப்பார்கள். மேலே வைக்கோலும் தழையும் பரப்பி, அதன்மேல் குழைத்த மண்ணை நாலு விரற்கடை கனத்துக்கு அப்பினால், கவிழ்த்த கூடை மாதிரி ஒரு மேடு நிற்கும். அடியைச் சுற்றிக் காற்றுக்குச் சிறு துளைகள். நடுத்துளை வழியாகத் தணலைப் போட்டுப் பற்றவைப்பார்கள்.

அதற்குப் பிறகு எல்லாம் புகையைப் பார்த்துத்தான். முதலில் வருவது வெள்ளையாக, ஈரமாக, கொழுத்த புகை. மரத்திலிருக்கும் தண்ணீர் வெளியேறுகிறது. பிறகு மஞ்சள் கலந்து கண்ணைக் கரிக்கும். கடைசியில் புகை மெலிந்து நீலம் பாரிக்கும். அந்த நீலம் வந்தால், இனி எரியப் போவது கரியேதான் என்று பொருள். அடித்துளைகளை உடனே அடைத்துவிட வேண்டும். இதற்கிடையில் மேடு உள்வாங்கும், மண்பூச்சில் வெடிப்பு விழும். இரவானாலும் எழுந்து மண் வைத்து அடைக்க வேண்டும். கவனிக்காத ஒரு வெடிப்பு வழியாகக் காற்று புகுந்தால் விடிவதற்குள் அத்தனையும் சாம்பல். அதனால் மூட்டக்காரர் மேட்டின் பக்கத்திலேயே படுத்திருப்பார். அடைத்தபின் உள்ளே ஆறுவதற்கும் நாள் விட வேண்டும். அவசரப்பட்டுப் பிரித்தால் காற்றுப் பட்டதும் குப்பென்று பற்றிக்கொள்ளும். இவ்வளவு பாடுபட்டும், 5 பங்கு எடை விறகுக்கு 1 பங்கு கரி தேறினால் நல்ல மூட்டம்.

இந்த 5-க்கு 1 என்ற கணக்கு மனத்தில் இருந்தால்தான் பழைய இரும்புத் தொழில் புரியும்.

தாது எடுப்பது இங்கே பெரிய வேலையாக இருந்ததில்லை. ஆழச் சுரங்கம் எதுவும் வெட்ட வேண்டியதில்லை. மழை பெய்தால் மலையிலிருந்து ஓடைகளில் கருமணல் இறங்கி ஒதுங்கும். அதை அரித்து எடுக்கலாம். சரிவில் கிடக்கும் கல்லைப் பொறுக்கி இடித்து, முறத்தில் புடைத்தால் குவார்ட்ஸ் தூசு பறந்து இரும்புத்தாது தங்கும். கோலார் மாதிரி பூமிக்குள் இறங்கிய சுரங்கங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது சுரங்கத் தொழிலாகவே தோன்றாது. உழைப்பெல்லாம் காட்டில் இருந்தது. வெட்டு, தறி, அடுக்கு, மூடு, காவல் இரு, சும. ஒரு கூடை தாதுவுக்குப் பின்னால் பல கூடை கரி நடந்து வந்தது.

நாட்டுலை எப்படி இருந்தது என்று ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் 1839-ல் எழுதிய கட்டுரை ஒன்று விவரமாகச் சொல்கிறது. 4 அல்லது 5 அடி உயரம், முழுக்கக் களிமண், மேலே போகப் போகக் குறுகி வாய் 1 அடி அகலம். இரண்டு பேர் சில மணி நேரத்தில் கட்டி முடித்து மறுநாள் பற்றவைத்துவிடுவார்கள். ஆட்டுத்தோல் துருத்தி இரண்டு, அவற்றுக்கு மூங்கில் குழல், குழலின் முனையில் மண் மூக்கு. கரியும் தாதுவும் மாறி மாறிப் போட்டு மூன்று நான்கு மணி நேரம் விடாமல் ஊதினால், அடியில் பஞ்சு போன்ற இரும்புக் கட்டி திரளும். அதை இடுக்கியால் இழுத்து மரச் சம்மட்டியால் அடித்துக் கிட்டம் என்னும் கசடைப் பிதுக்கி எடுப்பார்கள். இரும்பு உருகி ஓட 1538 பாகை வெப்பம் வேண்டும். இந்த மண் உலைக்கு அவ்வளவு எட்டாது, எட்டவும் வேண்டாம். கரி எரிந்து உண்டாகும் கார்பன் மோனாக்சைடு தாதுவிலுள்ள ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்கிறது. கசடு மட்டும் உருகிப் பிரிகிறது. ஆக, அந்த உலையில் கரி சூடு தருவதோடு நிற்கவில்லை. தாதுவை இரும்பாக்கும் வேலையையும் அதுவே செய்தது.

பொன்மலையில் நாங்கள் வேலை செய்தது நிலக்கரியிலும் கோக்கிலும். நல்ல கோக்கிலும் கந்தகம் கொஞ்சம் இருக்கும். அது கூடினால் சிவக்கக் காய்ச்சிய இரும்பு அடி தாங்காமல் வெடிக்கும். மரக்கரியில் கந்தகம் இல்லாத குறைதான். கருமணலும் மரக்கரியும் சேர்ந்து வந்த நம் பழைய இரும்பு அவ்வளவு தூய்மையாக இருந்ததற்கு மரத்துக்குப் பெரும் பங்கு உண்டு. எஃகும் அப்படித்தான். இரும்புத் துண்டைக் குகை எனப்படும் சிறு மண் கிண்ணத்தில் வைத்து, உலர்ந்த ஆவாரங்கட்டையைச் சேர்த்து, எருக்கிலையால் மூடி, வாயைக் களிமண்ணால் அடைத்துப் பல குகைகளை ஒரே உலையில் ஊதினார்கள். ஆவாரங்கட்டை குகைக்குள்ளேயே கரியாகி இரும்பில் ஏறும். ஐரோப்பியர்கள் ‘வூட்ஸ்’ என்று பெயரிட்டு ஆராய்ந்ததும், ஃபாரடே 1820 வாக்கில் தம் ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கிப் பார்க்க முயன்றதும் இந்த எஃகுதான். காவிரியில் கலக்கும் நொய்யலின் கரையில், கொடுமணலில் 1980-களில் நடந்த அகழாய்வில் இரும்பு உருக்கிய உலைகளும் குகைகளும் கிடைத்தன.

இதற்கும் திருவரங்கத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்கள் சேஷராயர் மண்டபத்துக்குப் போய் நிற்கட்டும். முன்னங்கால் தூக்கி நிற்கும் குதிரைகள், அவற்றின் மேல் வீரர்கள், கீழே வேட்டையாடப்படும் விலங்குகள், அத்தனையும் ஒரே கருங்கல். சேணத்தின் கயிறும் கல்லில் பிரிந்து நிற்கிறது. சிற்பியைப் புகழ்கிறோம், புகழ வேண்டியதுதான். ஆனால் கருங்கல்லில் உளி எவ்வளவு நேரம் கூராக நிற்கும்? கல் வேலை நடக்கும் எந்த இடத்திலும் ஓரமாக ஒரு கொல்லுலை இருக்கும். மழுங்கிய உளிகள் வந்துகொண்டே இருக்கும். காய்ச்சி, தட்டிக் கூராக்கி, தண்ணீரில் தோய்த்துத் திருப்பி அனுப்ப வேண்டும். தோய்ச்சல் கூடினால் முனை உடையும், குறைந்தால் மடங்கும். அந்தச் சிறு உலைக்கும் கரி வேண்டும். அந்த மண்டபம் எழுந்த நாயக்கர் காலத்துக்கு முன்னாலும் இதே கதைதான். மலைக்கோட்டையில் ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மகேந்திரவர்மன் குடைவித்த லலிதாங்குர பல்லவேசுவரத்தைப் பார்க்கும்போதெல்லாம், அந்தப் பாறைக்குள் போன உளிகளையும் அவற்றைக் காய்ச்சிய கரியையும் நினைத்துக்கொள்வேன். அந்தக் கரியைச் சுட்டவர்கள் யாரென்று கல்வெட்டில் தேட முடியாது.

நாட்டுலைக்கு ஒரு வசதி இருந்தது. கரி தூரம் தாங்காது. வண்டியில் குலுங்கினாலே பொடியாகும், நனைந்தால் கனக்கும். எனவே உலையைக் காட்டுக்குப் பக்கத்தில் கட்டினார்கள். ஓரிடத்தில் மரம் குறைந்தால் இன்னோர் ஓடைக்கரைக்குப் போய் வேறு உலை கட்டினார்கள். ஒரு நாள் வேலைதானே. வெட்டிய அடிக்கட்டை துளிர்த்து மறுபடி கரிக்குத் தேறப் பத்துப் பதினைந்து ஆண்டு ஆகும். சின்ன உலைகளால் காட்டுக்கு அந்த அவகாசத்தைக் கொடுக்க முடிந்தது.

பெரிய உலையால் முடியவில்லை. மேலே சொன்ன ஹீத்தின் கதையே அதுதான். கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தில் இருந்த அவர் 1825-ல் அதை விட்டு, சேலத்து இரும்பில் இறங்கினார். 1830-ல் பரங்கிப்பேட்டையில் ஆங்கில முறையில் ஊதுலை எழுந்தது. 1833-ல் அது ஒரு நிறுவனமாயிற்று. சேலத்துக் கஞ்சமலைத் தாதுவையும் மரக்கரியையும் கொண்டு இரும்பு செய்து, கடலோரத்திலேயே கப்பலேற்றிவிடலாம் என்பது திட்டம். சேலத்துக்கும் பரங்கிப்பேட்டைக்கும் நேர்கோட்டிலேயே 170 கிலோமீட்டருக்கு மேல். தாது பரிசல்களில் ஆற்றோடு வந்தது. கொள்ளிடத்தில் இறங்கி, கான்சாகிப் வாய்க்கால் வழியாக வெள்ளாற்றை அடைந்தது. காவிரியில் வரும் பரிசல் கொள்ளிடத்துக்குத் திரும்பும் இடம் நம் முக்கொம்பு. அதே முக்கொம்பில்தான் 1836-ல் ஆர்தர் காட்டன் மேலணையைக் கட்டினார். திருவரங்கத்தின் வடகரையை ஒட்டிக் கஞ்சமலைக் கல் ஏறிய பரிசல்கள் சுழன்று போன காலம் ஒன்று இருந்தது என்பதை எங்கள் ஊர் வரலாற்று நூல்களில் யாரும் எழுதாதது எனக்குக் குறையாகவே இருக்கிறது.

இரும்பு நன்றாகவே வந்தது. வேல்ஸ் நாட்டில் மெனாய் நீரிணைமேல் 1850-ல் திறந்த பிரிட்டானியா பாலத்துக்குப் பரங்கிப்பேட்டை இரும்பு போனதாகப் பதிவு உண்டு. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். அக்காலத்து ஊதுலைக்கு 1 டன் வார்ப்பிரும்புக்கு 2 டன் கரி என்று குறைத்து வைத்தாலும், 10 டன் விறகு. உலை ஓரிடத்தில் நிலையாக நிற்கிறது. அதைச் சுற்றியிருந்த காடு ஒவ்வோர் ஆண்டும் பின்வாங்குகிறது. தாதுவாவது ஆற்றோடு மிதந்து வரும். கரி வண்டியில்தான் வர வேண்டும். தூரம் கூடக் கூட வண்டிக் கூலி இரும்பின் விலையைத் தின்றது. இரும்பு நிறுவனம் கேரளத்தில் பேப்பூரிலும், காவிரிக்கரையில் பூலாம்பட்டியிலும், திருவண்ணாமலையிலும் உலை வைத்துப் பார்த்தது. தாதுவுக்குப் பக்கம், விறகுக்குப் பக்கம் என்று தேடித் தேடிப் போன அலைச்சல் அது. 1853-ல் ‘கிழக்கிந்திய இரும்புக் கம்பெனி’ என்று புதுப் பெயர் வைத்தார்கள். 1860-களில் பரங்கிப்பேட்டை உலை அணைந்தது. 1874-ல் நிறுவனமும் கலைந்தது. ஹீத் அதற்கு வெகு முன்பே ஷெஃபீல்டுக்குப் போய், எஃகில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கி, 1851-ல் இறந்துபோயிருந்தார். இங்கிலாந்தில் ஆபிரகாம் டார்பி 1709-லேயே கோக்கைக் கொண்டு இரும்பு செய்துவிட்டார். அவர்கள் காட்டை விட்டு நிலக்கரிக்குப் போய் ஒரு நூற்றாண்டுக்குமேல் ஆன பிறகு, நம் காட்டை நம்பி இங்கே உலை வைத்தார்கள் என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பரங்கிப்பேட்டை உலை அணைந்த அதே ஆண்டுகளில் ரயில் வந்தது. நாகப்பட்டினத்திலிருந்து புறப்பட்ட தண்டவாளம் 1862-ல் திருச்சியை எட்டியது. சென்னை மாகாணத்தில் தொடக்க கால எஞ்சின்கள் விறகு எரித்து ஓடியவை. கொல்லுலைக்குப் போட்டியாக ரயிலும் காட்டில் கோடரி வைத்தது. காடு கரைவதைக் கண்டு அரசு விழித்துக்கொண்டு 1882-ல் சென்னை வனச் சட்டத்தைக் கொண்டுவந்தது. காடுகளுக்கு எல்லைக்கல் நட்டார்கள். உள்ளே விறகு எடுக்க அனுமதிச் சீட்டு, கட்டணம். சட்டம் தேவையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் காட்டைக் காலி செய்தவை பெரிய உலையும் ரயிலும். கதவு சாத்தப்பட்டது தலைமுறை தலைமுறையாகத் துளிர்க்க விட்டு வெட்டிய மூட்டக்காரனுக்கும், அவன் கரியை நம்பிய நாட்டுலைக்காரனுக்கும். கரைக்கு வந்து இறங்கிய சீமை இரும்புப் பட்டை ஒரு பக்கம், கரிக்குக் கட்டணம் மறுபக்கம். மண் உலைகள் இந்த இரண்டுக்கும் நடுவில் அணைந்தன. டி. எச். ஹாலண்ட் 1892-ல் சேலத்து இரும்புத் தாதுக்களையும் இரும்புத் தொழிலையும் பற்றித் தனி அறிக்கை எழுதினார். அடுத்த தலைமுறைக்குள் அந்தத் தொழில் அறிக்கையில் மட்டும் மிஞ்சியது.

மரக்கரி ஊதுலை தென்னாட்டில் மறுபடி ஒரு முறை எரிந்தது. விசுவேசுவரய்யாவின் முயற்சியில் மைசூர் இரும்பாலை பத்ராவதியில் 1923-ல் உற்பத்தியைத் தொடங்கியபோது அதன் எரிபொருள் மரக்கரியே. மலைநாட்டின் அடர்ந்த காடு பின்னால் இருந்ததால் அது நடந்தது. விறகை மூட்டத்தில் சுடாமல் இரும்புக் கலத்தில் வாட்டி, புகையாகப் போகும் சரக்குகளையும் பிடித்து விற்றார்கள்.

இந்தக் கதை நமக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் வெள்ளிச் சுரங்கங்களுக்குக் கரி சுட்ட சூளைகள் இன்றும் நிற்கின்றன. நெவாடா மாநிலத்தில் வார்டு என்ற இடத்தில் 1876-ல் கல்லால் கட்டிய 6 சூளைகள், ஒவ்வொன்றும் 30 அடி உயரம். அரசு அவற்றை வரலாற்றுப் பூங்காவாக்கிக் காக்கிறது. அதே மாநிலத்தில் யுரேகா என்ற சுரங்க ஊரைச் சுற்றிய மரமெல்லாம் தீர்ந்து, 1878 வாக்கில் கரி சராசரியாக 35 மைல் தூரத்திலிருந்து வர வேண்டியிருந்தது. கூடுதல் விலை கேட்டுக் கரியை நிறுத்தி வைத்த தொழிலாளர்கள் மேல் 1879 ஆகஸ்டில் துப்பாக்கிச் சூடு நடந்தது. 5 பேர் செத்தார்கள். அங்கே கரி சுட்டவர்கள் பெரும்பாலும் இத்தாலியிலிருந்து பிழைக்கப் போனவர்கள். உலகத்தின் எந்த மூலையிலும் சுரங்க முதலாளி பெயர் தெரியும், உருக்காலைக்காரர் பெயர் தெரியும், கரி சுட்டவர்களைச் செத்தால்தான் எண்ணுவார்கள்.

நம் மூட்டம் மண்ணால் ஆனது. பிரித்த அன்றே அது இல்லை. நிற்கும் சூளை எதுவும் நமக்கு மிஞ்சவில்லை. ஆனால் மண்ணுக்கடியில் கரி மக்குவதில்லை. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த கரித்துண்டுகளைக் கதிரியக்கக் கரிமக் கணிப்புக்கு அனுப்பியபோது, அங்கு இரும்பின் காலம் கி.மு. 2172 வரை பின்னால் போயிற்று. 2022-ல் சட்டமன்றத்திலேயே அதை அறிவித்தார்கள். பிறகு தூத்துக்குடி மாவட்டம் சிவகளை அதற்கும் முந்திய காலத்தைக் காட்டியது. கே. ராஜனும் ஆர். சிவானந்தமும் எழுதி 2025-ல் வெளியான அறிக்கையில் அது விரிவாக இருக்கிறது. துருப்பிடித்த வாளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விளக்கு போடுகிறோம். அதற்கு வயது சொன்னதில் பெரும் பங்கு அதன் பக்கத்தில் கிடந்த கரிக்கு உண்டு.

அதனால்தான் தலைமலை அடிவாரத்தைப் பற்றி எனக்கு ஆசை. கஞ்சமலைப் பக்கத்துக் கொல்லைகளில் ஏர் ஓட்டினால் கிட்டம் புரளும். கறுத்து, குமிழி குமிழியாக, கையில் எடுத்தால் எதிர்பார்த்ததைவிடக் கனக்கும் கல். அந்தப் பக்கத்து நண்பர் ஒருவர் கொடுத்த துண்டு என்னிடம் இருக்கிறது. அதன் ஒரு குழியில் கரியின் அச்சு பதிந்திருக்கிறது. மர ரேகைகூடத் தெரிகிறது. கரி எரிந்து போய்விட்டது, உருகிய கசடு அதன் வடிவத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. சில அச்சுகளை உருப்பெருக்கியில் பார்த்து என்ன மரம் என்றே சொல்லிவிட முடியும் என்கிறார்கள். முசிறி, துறையூர் ஓடைக்கரைகளிலும் கொல்லிமலையின் தென்சரிவிலும் இந்தத் தேடலைச் செய்ய வேண்டும். கிட்ட மேடு எங்கே, உலை எங்கே, கருமண் வட்டமாகக் கிடக்கும் மூட்டத் தளம் எங்கே என்று ஒரு வரைபடம் போட வேண்டும். திருச்சியில் கல்லூரிகளுக்கும் குறைவில்லை, உலோகவியல் படிக்கும் பிள்ளைகளுக்கும் குறைவில்லை.

மூட்டம் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். இராமநாதபுரத்திலும் சிவகங்கையிலும் புதுக்கோட்டையிலும் சீமைக்கருவேலத்தை வெட்டி இன்றும் மூட்டம் போடுகிறார்கள். மரம் மாறியிருக்கிறது, புகையைப் பார்த்துத் துளையை அடைக்கும் கைப்பக்குவம் மாறவில்லை. ஆய்வுக்குப் போகிறவர்கள் முதலில் அவர்களில் ஒருவரைத் தங்களோடு அழைத்துக்கொண்டு போகட்டும். தரையில் கிடக்கும் கறுப்பு மூட்டம் எரிந்த கறுப்பா, வெறும் குப்பை எரித்த கறுப்பா என்று அவர் காலால் கிளறிப் பார்த்தே சொல்லிவிடுவார்.